கரிசல் மண்ணில் வீடு: கல் கட்டா, பில்லரா, பைலா? (கோவில்பட்டி வட்டாரம்)

கரிசக்காரன் எழுதியது:

மனை 40க்கு 60. வீடு 28க்கு 34, இப்போதைக்குத் தரைத்தளம் மட்டும், பின்னால் மேலே ஒரு தளம் எடுக்க வேண்டியிருக்கும். மண் முழுக் கரிசல். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடுகிறது. சுற்றியுள்ள வீடுகளில் பாதிக்கு மேல் ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி விரிசல் ஏறியிருக்கிறது.

மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். மேஸ்திரி: 4 அடி வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டிக் கருங்கல் கட்டு, தோண்டிய மண்ணையே பேஸ்மட்டத்துக்குள் தள்ளிவிடலாம், செலவு மிச்சம். படம் போட்டுத் தந்த இன்ஜினியர்: பைல்தான் (துளை போட்டு அதற்குள் ஊற்றும் கான்கிரீட் தண்டு). மூன்றாமவர்: வானத்தில் 2 அடி மணல் கொட்டி அதன்மேல் எழுப்பு. எதை நம்ப? போர் தண்ணீர் உப்பு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

---

மண்ணியல் எழுதியது:

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கரிசல் பலமில்லாத மண் அல்ல. காய்ந்த கரிசலைக் கடப்பாரையால் குத்திப் பார்த்தவருக்கு அது தெரியும். சிக்கல் அதன் அசைவு. அதிலுள்ள மாண்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் தண்ணீரை அடுக்குகளுக்கு நடுவே இழுத்துக்கொண்டு உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஈரம் மாறாத ஆழத்தில் இருக்கும் கரிசல் அசையாது. மாறும் ஆழத்தில் இருப்பதுதான் வீட்டைத் தூக்கிப் போட்டு விளையாடும்.

வீடு கட்டியபின் நடப்பதைக் கவனியுங்கள். வீட்டுக்கு அடியில் வெயில் படாது, ஆவியாகாது. அங்கே ஈரம் மெல்லச் சேர்ந்து நடுப்பகுதி உப்பும். வெளிச்சுவருக்கு அடியில் உள்ள மண் மட்டும் ஐப்பசியில் ஏறும், சித்திரையில் இறங்கும். நடு மேலே, ஓரம் கீழே. அதனால் சுவர் வெளிப்பக்கம் சாயப் பார்க்கும், விரிசல் மேலே அகலமாகவும் கீழே ஒல்லியாகவும் இருக்கும். உங்கள் பக்கத்து வீடுகளில் அப்படித்தானா என்று பாருங்கள். மழைக்காலத்தில் மட்டும் கதவு நிலையில் பிடிக்கிறதா என்றும் கேளுங்கள்.

இன்னொன்று, பலர் தலைகீழாக நினைப்பது: சின்ன வீடுதானே, அஸ்திவாரம் லேசாகப் போதும் என்பார்கள். கரிசலில் லேசான வீட்டுக்குத்தான் ஆபத்து அதிகம். ஒரு தள வீட்டின் சுவர் இரண்டடி அகல அஸ்திவாரத்தில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 5 டன் அழுத்தும். கரிசல் உப்பும்போது கொடுக்கும் எதிர் அழுத்தம் 10 டன்னைத் தாண்டுவது சாதாரணம். வீட்டின் எடையால் மண்ணை அமுக்கி வைக்க முடியாது.

எந்த முறை என்பதைக் கரிசலின் ஆழம் தீர்மானிக்கட்டும். மனையின் இரண்டு எதிர் மூலைகளில் 4 அடிக்கு 4 அடி குழி வெட்டி, மண் நிறம் மாறும் வரை இறங்குங்கள். 5 அடிக்குக் கீழே ஆள் இறங்கினால் பக்கவாட்டில் பலகை முட்டு இல்லாமல் இறக்காதீர்கள். காய்ந்த கரிசல் சுவர் மாதிரி நிற்கும், வெடிப்பு ஓடும் இடத்தில் சொல்லாமல் பாளமாக விழும். முடிந்தால் ஜேசிபி வைத்து வெட்டி மேலிருந்தே பாருங்கள். குழி வீட்டு எல்லைக்கு வெளியே இருக்கட்டும்.

---

தூக்குக்குண்டு எழுதியது:

சார் சொல்றது சரிதான், ஆனா எடுத்ததும் பைல்னு ஓடவேண்டாம். நம்ம பக்கம் கரிசலுக்குக் கீழே சுக்கான் இருக்கும், சுண்ணாம்பு கலந்த கெட்டிக் கரடு. சில ஊர்ல 3 அடியில தட்டும், சில ஊர்ல 12 அடி போனாலும் வராது. 5, 6 அடிக்குள்ள சுக்கான் கெட்டியா கிடைச்சா கல் கட்டு மாதிரி நல்லது எதுவும் இல்லை. கரிசலை முழுசா தாண்டி, சுக்கானுக்குள்ள அரையடி இறங்கி, அதுமேல 1:4:8 கான்கிரீட் 6 இஞ்ச், பிறகு கருங்கல். வானத்துக்கும் கல்லுக்கும் நடுவுல இருக்கற சந்துல வெட்டின கரிசலைத் தள்ளக்கூடாது, சரளை போட்டு இடிக்கணும். இல்லேன்னா பக்கத்துல இருந்தே கல்லைப் பிடிச்சு மேலே இழுக்கும்.

உங்க மேஸ்திரி சொன்ன 4 அடி கணக்கு, கீழே என்ன இருக்குன்னு பாக்காம சொன்ன கணக்கு. 4 அடியிலயும் கரிசல்தான்னா, அந்தக் கல் கட்டு மண்ணோட சேர்ந்து ஏறி இறங்கும். கல் எவ்வளவு ஒஸ்தியா இருந்தாலும் பிரயோஜனமில்லை.

வெட்டின மண்ணை பேஸ்மட்டத்துல போடறதா? தம்பி, அது மட்டும் வேண்டவே வேண்டாம். அதைப் பத்தி தனியா எழுதறேன்.

---

மண்ணியல் எழுதியது:

தூக்குக்குண்டு அண்ணன் சொன்னதோடு முழு உடன்பாடு. குழி வெட்டும்போது 3 அடி, 6 அடி, 9 அடியில் ஒரு கிலோ மண் தனித்தனிப் பையில் எடுங்கள். உப்பும் குணத்தை வீட்டிலேயே ஓரளவு பார்த்துவிடலாம்.

மண்ணை நன்றாகக் காயவைத்து, பொடித்து, மெல்லிய மாவுச் சல்லடையில் சலித்து (ஆய்வகத்தில் 425 மைக்ரான் சல்லடை) 10 கிராம் வீதம் இரண்டு பங்கு எடுங்கள். 100 மில்லி அளவுக் குழாய் இரண்டு. ஒன்றில் காய்ச்சி வடித்த தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். மண்ணைக் கொட்டி, குமிழி போகக் கிளறி, 24 மணி நேரம் விடுங்கள். மண்ணெண்ணெயில் களிமண் உப்பாது, ஆகவே அதுதான் அடிப்படை அளவு. தண்ணீர்க் குழாயில் மண் நிற்கும் அளவிலிருந்து மண்ணெண்ணெய் அளவைக் கழித்து, மண்ணெண்ணெய் அளவால் வகுத்து, 100ஆல் பெருக்குங்கள். 50க்குக் கீழே வந்தால் கவலை குறைவு. 50 முதல் 100 நடுத்தரம். 100 முதல் 200 ஆபத்து. அதற்கும் மேல் மிகக் கடுமை. இது ஐ.எஸ். (இந்தியத் தர விதி) 2720, பகுதி 40இல் உள்ள சோதனை. ஆய்வக அறிக்கைக்கு மாற்றல்ல, ஆனால் யார் சொல்வதை நம்புவது என்று குழம்பி நிற்பவருக்குப் போதுமானது.

---

கரிசக்காரன் எழுதியது:

இரண்டு குழியும் வெட்டிப் பார்த்தாயிற்று. கிழக்குக் குழியில் 9 அடி வரை சுத்தக் கரிசல். 9லிருந்து 11 வரை கரிசலும் சுக்கான் கரடும் கலந்தது. 11½ அடியில் கடப்பாரை தெறிக்கிறது. மேற்குக் குழியில் எல்லாம் ஓர் அடி அதிக ஆழத்தில். தண்ணீர் ஊறவில்லை. 6 அடி மண்ணில் சோதனை: மண்ணெண்ணெயில் 10 மில்லி, தண்ணீரில் 22 மில்லி.

---

மண்ணியல் எழுதியது:

அப்படியானால் 120 விழுக்காடு. ஆபத்து வகை. 9, 10 அடி கரிசலைத் தாண்டிச் சுற்றிலும் கல் கட்டுவது காசைக் குழியில் போடுவது. உங்கள் இன்ஜினியர் சொன்னது சரி, ஆனால் அவர் சொன்னது சாதா பைலா, அடியில் குமிழ் வைத்த பைலா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கரிசலுக்கு வேண்டியது குமிழ் பைல். ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த மண்ணுக்கென்றே வளர்த்தெடுத்த முறை. ஐ.எஸ். 2911, பகுதி 3 அதற்கான விதி.

மேலே உள்ள மண் உப்பும்போது பைலின் தண்டைப் பிடித்து மேலே இழுக்கும். அடியிலுள்ள குமிழ், அசையாத மண்ணுக்குள் நங்கூரமாக நின்று அந்த இழுப்பைத் தாங்கும். நேர்த் தண்டு மட்டும் இருந்தால் உருவிக்கொண்டு வரும். குமிழின் விட்டம் தண்டைப்போல இரண்டரை மடங்கு. ஆழமான கரிசலில் தரைமட்டத்திலிருந்து 3.5 மீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. உங்கள் குழிக் கணக்குப்படி 3.5 மீட்டர், அதாவது 11½ அடி, சுக்கான் கரட்டில் போய் நிற்கிறது. மேற்குப் பக்கம் ஓர் அடி கூட்டிக்கொள்ளுங்கள்.

தண்டு எவ்வளவு தடிமன்? விதியின் அட்டவணைப்படி, நடுத்தர மண்ணில் 3.5 மீட்டர் ஒற்றைக் குமிழ் பைல் 25 செ.மீ. விட்டத்தில் 12 டன், 30 செ.மீ. விட்டத்தில் 16 டன் தாங்கும். 9 அங்குலச் சுவர் 10 அடி உயரம், பூச்சு, தளத்தின் பங்கு, பீம் எல்லாம் சேர்த்து வெளிச்சுவரில் மீட்டருக்கு ஏறத்தாழ 3 டன், உள்சுவரில் 4 டன். 8 அடிக்கு ஒரு பைல் வைத்தால் ஒன்றுக்கு 7 முதல் 10 டன். இந்தத் தளத்துக்கு மட்டும் என்றால் 25 செ.மீ. போதும். மேல்தளம் வந்தால் உள்சுவரில் அது 16 டன்னை நெருங்கும். ஆகவே இப்போதே 30 செ.மீ. போடுங்கள், பின்னால் பைலைத் தடிமனாக்க வழியில்லை. நான் எழுதுவது சரிபார்க்கும் கணக்குதான். வடிவமைப்பு உங்கள் இன்ஜினியர் கையெழுத்தோடு வரட்டும், ஒரு பைலிலாவது பாரச் சோதனை செய்யச் சொல்லுங்கள்.

அளவு வேண்டுமா? உங்கள் வீட்டில் சுற்றுச்சுவர் 124 அடி, உள்சுவர் 70 அடி என்று வைத்தால் ஏறத்தாழ 26 பைல். மூலைகளிலும் சுவர் சந்திப்பிலும் கட்டாயம் ஒன்று, வாசலுக்கு நேர் அடியில் வேண்டாம். ஒரு பைலுக்குக் குமிழோடு சேர்த்து 0.32 கன மீட்டர் கான்கிரீட். சேதாரம் பத்து விழுக்காடு சேர்த்து மொத்தம் 9.2 கன மீட்டர். எம்20 தரக் கான்கிரீட், கன மீட்டருக்கு 8 மூட்டை சிமெண்ட் வீதம் 73, 74 மூட்டை. கம்பி 12 மி.மீ. நாலு, 8 மி.மீ. வளையம் 20 செ.மீ. இடைவெளியில்: பைலுக்குச் சுமார் 20 கிலோ, மொத்தம் அரை டன்னுக்குக் கொஞ்சம் மேல். கம்பிக்குக் கவர் (கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட் கனம்) 40 மி.மீ., மண்ணில் சல்பேட் இருந்தால் 75. நாலு கம்பியும் பைல் தலைக்கு மேல் ஒன்றரை அடி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், பீமுக்குள் கட்ட.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

பைல், குமிழ் என்று ஆளைப் பயமுறுத்துவதை விட 10 அடியில் பில்லர் குழி போட்டு ஃபுட்டிங் (பில்லருக்கு அடியில் அகலமான கான்கிரீட் பாதம்) வைத்தால் முடிந்ததே? எல்லா மேஸ்திரிக்கும் தெரிந்த வேலை. பைல் போட ஆள் தேடி அலைய வேண்டாம்.

---

தூக்குக்குண்டு எழுதியது:

செய்யலாம், தப்பில்லை. ஆனா கணக்குப்பிள்ளையே கணக்குப் போடுங்க. ஃபுட்டிங் குழி 5க்கு 5, ஆழம் 10 அடி: ஒரு குழிக்கு 250 கன அடி. 14 பில்லர்னா 3,500 கன அடி, அதாவது 35 யூனிட் கரிசலை வெளிய எடுக்கணும். எடுத்ததைத் திரும்பக் குழியில போடக்கூடாது, 30 யூனிட்டுக்கு மேல சரளை வாங்கி இடிக்கணும். பைல்ல 26 குழிக்கும் சேர்த்து 300 கன அடி மண்ணுகூட வெளிய வராது. அந்த வித்தியாசம்தான் செலவு. தவிர 10 அடி குழியில ஆள் இறங்கி கம்பி கட்டறது உசிரு சமாச்சாரம்.

பைல் போட இப்ப டிராக்டர்ல மாட்டின டிரில் கிடைக்குது, தண்டு துளைக்கு அது போதும். குமிழ் வெட்டற கருவி தனி. அது இல்லாம "நாங்க அடியில கொஞ்சம் அகலமா நோண்டிருவோம்"னு சொல்ற ஆளை அனுப்பிருங்க. முக்காலி, மண்ணைத் துளைக்கற திருகு ஆகர், குமிழ் வெட்டி, அடியில மண் அள்ற வாளி, நாலும் சைட்டுக்கு வந்ததைக் கண்ணால பாத்துட்டு முன்பணம் குடுங்க.

வேலை நடக்கும்போது கெட்டுப்போறது பெரும்பாலும் இந்த இடங்கள்லதான்:

குமிழ் முழுசா விரியாம விடறது. கருவியைத் திருப்பத் திருப்ப அதோட பிடி கொஞ்சம் கொஞ்சமா கீழே இறங்கும். வெட்டி முழுசா விரிஞ்சா பிடி எவ்வளவு இறங்கணும்னு முதல்ல தரையில விரிச்சுப் பாத்து சாக்பீஸ்ல கோடு போட்டுக்கணும். கோடு வரைக்கும் இறங்கி, வாளியில புது மண் வராம சும்மா சுத்தினாத்தான் குமிழ் முடிஞ்சது. சுக்கான் கல்லு மாட்டினா பாதியில நின்னுரும், "ஆச்சு சார்"னு மேலே இழுத்துருவாங்க. கோட்டைப் பாருங்க.

அடியில உதிரி மண். குமிழ் வெட்டின மண்ணு கால் அடி, அரை அடி அடியிலேயே கிடக்கும். அதுமேல கான்கிரீட் போட்டா பைல் உக்காந்துரும். முகம் பாக்கற கண்ணாடியால வெயிலை குழிக்குள்ள அடிச்சுப் பாருங்க, அடி வரைக்கும் பளிச்சுனு தெரியும். டார்ச்சை விட இது நல்லா இருக்கும்.

துளையை ராத்திரிக்கு விட்டுவைக்கறது. காலையில வெட்டினதை அன்னைக்கே கம்பி இறக்கி கான்கிரீட் போட்டுரணும். மழை பேஞ்சு தண்ணி இறங்கிட்டா அந்தத் துளையை மறுபடி சுத்தம் பண்ணாம தொடக்கூடாது.

கலவையை கெட்டியா போடறது. ரூஃபுக்குப் போடற மாதிரி போட்டா குமிழுக்குள்ள ஓடி நிறையாது. கலவை இளக்கம் பாக்கற கோன்ல (தகரக் கூம்பு) ஊத்தி, கோனைத் தூக்கிப் பாத்தா 4லேருந்து 6 இஞ்ச் இறங்கணும். அதுக்காக தண்ணியை மட்டும் ஊத்திறாதீங்க, சிமெண்ட் குறையாம இருக்கணும். முக்கால் இஞ்ச் ஜல்லி மட்டும், ஒன்றரை வேண்டாம். தகர ஹாப்பர் வச்சு நடுவுல இறக்கணும், சட்டியால ஓரத்துல ஊத்தினா மண்ணும் சேர்ந்து விழும்.

அப்புறம் மூலை மட்டம். 28க்கு 34க்கு குறுக்குக் கயிறு ரெண்டும் 44 அடி அரை இஞ்ச் வரணும். பைல் போட்டப்புறம் சுவர் நகராது.

---

மண்ணியல் எழுதியது:

மேலே எழுதியதில் ஒன்று கூட்டுகிறேன். பைல் எல்லாம் சரியாகப் போட்டும் வீடு விரிசல் விடும் ஓர் இடம் இருக்கிறது: பீமின் அடிப்பாகம். பைல்களைச் சேர்க்கும் பெல்ட் பீமை நேரடியாகக் கரிசல் மேல் ஊற்றிவிட்டால், மழையில் மண் உப்பி பீமை நடுவில் தூக்கும். பைல் தாங்கும், பீம் முறியும், மேலே சுவர் பிளக்கும். ஆகவே பீமுக்கும் மண்ணுக்கும் நடுவே குறைந்தது 80 மி.மீ. வெற்றிடம் வேண்டும் என்கிறது விதி. "அஞ்சு மி.மீ. தார்த்தாள் போட்டாச்சு" என்பது வெற்றிடம் ஆகாது.

வெற்றிடம் விடுவது எப்படி? செங்கல்லைச் சாந்து இல்லாமல் மண்ணில் படுக்கவைத்து, அதன்மேல் பாலித்தீன் விரித்து பீம் ஊற்றி, பிறகு செங்கல்லை உருவிவிடலாம். பீமின் இரண்டு பக்கமும் கடப்பாக்கல் பட்டையைச் செங்குத்தாக வைத்து மறையுங்கள். இல்லையென்றால் சரளை போடும்போதும் மழை மண் வந்தும் வெற்றிடம் அடைந்துபோகும். பீம் 9க்கு 12 அங்குலம், 12 மி.மீ. கம்பி மேலே இரண்டு, கீழே இரண்டு, 8 மி.மீ. வளையம் என்று வைத்தால் 194 அடிக்கு 4 கன மீட்டர் கான்கிரீட், கம்பி 350 கிலோ அளவில் வரும்.

---

கரிசக்காரன் எழுதியது:

நன்றி. மணல் கொட்டும் யோசனையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அதுதான் இங்கே நிறையப் பேர் செய்கிறார்கள்.

---

மண்ணியல் எழுதியது:

மணல் மெத்தை என்று பெயர். மண் உப்பினால் மணல் அமுங்கி வாங்கிக்கொள்ளும் என்பது நினைப்பு. நடப்பது வேறு. மணலுக்குள் தண்ணீர் தங்குதடையின்றி ஓடும். அஸ்திவாரத்துக்கு அடியில் நீங்களே ஒரு தொட்டி கட்டி வைத்த மாதிரி ஆகிவிடும். ஒரு மூலையில் குளியலறைத் தண்ணீர் கசிந்தால் மணல் வழியாக வீடு முழுக்கப் பரவி, அடியிலுள்ள கரிசல் எல்லாவற்றையும் ஊறவைக்கும்.

ஐஐடி பம்பாயில் பேராசிரியர் ஆர்.கே. கட்டி இதை விரிவாக ஆராய்ந்து சொன்ன மாற்று: உப்பாத, ஆனால் ஒட்டும் தன்மையுள்ள மண்ணை ஏறத்தாழ ஒரு மீட்டர் கனத்துக்கு இடித்துப் போடுவது. நம் ஊர் மொழியில் செம்மண் கலந்த சரளை. தண்ணீரை எளிதில் விடாது, தானும் உப்பாது. உங்களுக்கு அது அஸ்திவாரத்துக்குத் தேவையில்லை, தரைக்குத்தான் தேவை.

---

தூக்குக்குண்டு எழுதியது:

அந்தத் தரைக்குத்தான் நான் தனியா எழுதறேன்னு சொன்னது. சுவர் பைல்மேல நிக்கும், தரை எதுமேல நிக்கும்? பேஸ்மட்டத்துக்குள்ள கரிசலைத் தள்ளி அதுமேல டைல்ஸ் ஒட்டினா ரெண்டு மழைக்காலம் போதும், ஹால் நடுவுல கிண்ணத்தைக் கவுத்த மாதிரி எழும்பும். டைல்ஸ் டப்புனு வெடிக்கும்.

உள்ளே இருக்கற கரிசலை 2 அடிக்கு வழிச்சு எடுத்துருங்க. தரைக்கு மேல இன்னொரு 2 அடி ஏறணும்னா மொத்தம் 4 அடி சரளை. சுவர் போக உள் அளவு 800 சதுர அடின்னா 3,200 கன அடி, 32 யூனிட். இடிச்சா அமுங்கும், 40 யூனிட்டுக்குச் சொல்லிருங்க. 6 இஞ்ச் போட்டு, லேசா தண்ணி தெளிச்சு, பிளேட் வைப்ரேட்டர் ஓட்டி, அடுத்த 6 இஞ்ச். மொத்தமா கொட்டித் தண்ணியை நிறுத்தி ஊறவைக்கற பழக்கம் மணலுக்கு, கரிசல் மேல அதைப் பண்ணாதீங்க. அடியில இருக்கறதை நாமளே ஊதவிட்ட மாதிரி.

சரளை லோடு வரும்போது கையில எடுத்துப் பிசைஞ்சு பாருங்க. கருப்பு கலந்தா திருப்பி அனுப்புங்க, குளத்து மண்ணை மேலே சிவப்பு தூவி விக்கறதும் உண்டு. தரைக் கான்கிரீட்டுக்கும் சுவருக்கும் நடுவுல அரை இஞ்ச் தெர்மகோல் வச்சு விட்டுருங்க, ஸ்கர்ட்டிங் மறைச்சுரும்.

---

சாத்தூர் வாசி எழுதியது:

உப்புத் தண்ணீரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஐ.எஸ். 456 வரம்பு: கம்பி உள்ள கான்கிரீட்டுக்குக் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கூடாது, சல்பேட் 400, பி.எச். 6க்குக் குறையக் கூடாது. வாயில் வைத்தால் கரிக்கிற தண்ணீர் பெரும்பாலும் இதைத் தாண்டிவிடும். சோதனைக்குக் கொடுத்துப் பாருங்கள். தாண்டினால் கலவைக்கு லாரித் தண்ணீர். ஒரு மூட்டை சிமெண்டுக்கு 25 லிட்டர் அளவில்தான் தேவைப்படும், ஆகவே கலவைக்கு வாங்குவது பெரிய செலவில்லை. நனைப்பதற்குத்தான் அதிகம் பிடிக்கும். அங்கேயும் உப்புத் தண்ணீரை விட்டால் கான்கிரீட்டுக்குள் ஊறி இறங்கும், செங்கல் சுவரில் வெள்ளை பூக்கும். தளத்தில் பாத்தி கட்டி நிறுத்துங்கள், பில்லருக்கும் சுவருக்கும் சாக்கு சுற்றுங்கள், பாதித் தண்ணீர் மிச்சம். பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமெண்டாக இருந்தால் 10 நாள் விடாமல்.

எந்த மாதம் தொடங்குவது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் துளை போட முடியாது. சித்திரையில் மண் கல்லாகிவிடும், தண்ணீரும் கிடைக்காது. தை, மாசியில் மண்ணில் ஈரம் இருக்கும், ஆகர் சுலபமாகத் திரும்பும், துளையில் தண்ணீர் ஊறாது.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

பைல் வாதத்தில் தோற்றேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். மழைநீர் சேகரிப்பு கட்டாயம். செப்டிக் டேங்க் கட்டாயம். இரண்டுமே மண்ணுக்குள் தண்ணீரை விடுகிற சமாசாரம். நீங்களோ மண்ணை நனைக்காதே என்கிறீர்கள்.

---

சாத்தூர் வாசி எழுதியது:

நல்ல கேள்வி. பதில்: தண்ணீரை மண்ணில் விடாமல் தொட்டியில் பிடியுங்கள். 88 சதுர மீட்டர் கூரையில் ஒரு மி.மீ. மழைக்கு 88 லிட்டர். ஆண்டுக்கு 600 மி.மீ. பெய்து, ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 42,000 லிட்டர். உப்புப் போர் உள்ள ஊரில் குடிக்கிற தண்ணீர் இது, குழிக்குள் விடுவதே பாவம். தொட்டி நிரம்பி வழிவதை வீட்டிலிருந்து தள்ளி, மனையின் தாழ்ந்த பக்கத்தில் விடுங்கள். தொட்டியையும் சுவரை ஒட்டிக் கட்டாதீர்கள், கசிந்தால் தெரியாது.

செப்டிக் டேங்க் 5 பேருக்கு உள் அளவு 5 அடி நீளம், 2½ அடி அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் 3½ அடி. டேங்க் சிக்கலில்லை, அதிலிருந்து வருவதுதான் சிக்கல். கரிசல் மழையில் உப்பி வழிகளை அடைத்துக்கொள்ளும், சோக் பிட் (கழிவுநீர் உறிஞ்சு குழி) கார்த்திகையில் நிரம்பி எதிர்த்து வரும். சோக் பிட்டைச் சுக்கான் தட்டும் வரை இறக்குங்கள், வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி. கிணறோ போரோ இருந்தால் அதிலிருந்து 60 அடி. வாழை, கல்வாழை வைத்தால் பாதியை அவை குடித்துவிடும்.

மரம்: வேம்பு, புளி, அரசு எதுவானாலும் வளர்ந்தால் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் தள்ளி. கோடையில் வேர் ஒரு மூலையின் ஈரத்தை மட்டும் உறிஞ்சும், அந்த மூலை இறங்கும். ஏற்கெனவே நிற்கும் பெரிய மரத்தை வீட்டு வேலைக்கு முதல் நாள் வெட்டுவதும் தப்பு. உறிஞ்ச ஆளில்லாமல் அந்த இடம் வருஷக்கணக்கில் உப்பிக்கொண்டே இருக்கும்.

---

மண்ணியல் எழுதியது:

வீட்டைச் சுற்றி 4 முதல் 5 அடி அகலத்துக்குத் தளவரிசை போடுங்கள், வெளிப்பக்கம் சரிவாக, அதன் விளிம்பில் வாய்க்கால். மழையும் வெயிலும் சுவரோர மண்ணைத் தொடாமல் தள்ளிவைப்பதுதான் இதன் வேலை. அதைப் பீமோடு கம்பி போட்டு இணைக்காதீர்கள். சுவருக்கும் அதற்கும் நடுவே அரை அங்குல இடைவெளி விட்டுத் தார் அடைப்பு. உடைந்தால் அது மட்டும் உடையட்டும், மாற்றிக்கொள்ளலாம். குளியலறைக் கழிவுக் குழாய் பீமைத் தாண்டும் இடத்தில் பெரிய குழாய் ஒன்றை உறையாக வைத்து அதற்குள் விடுங்கள், இறுக்கிப் பூசினால் மண் அசையும்போது குழாய் முறியும், கசிவு நேராக வீட்டுக்கு அடியில் போகும்.

அனுமதி விஷயம் சுருக்கமாக: 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்கு 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது, இணையத்திலேயே எடுக்கலாம். உங்கள் மனை 2,400, வரம்புக்குள் வருகிறது. ஆனால் மனை நத்தமா, அங்கீகரித்த மனைப்பிரிவா, இன்னும் புஞ்சையா என்று பட்டாவைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

---

கரிசக்காரன் எழுதியது:

30 செ.மீ. குமிழ் பைல், தை மாதம் என்று முடிவு செய்தாயிற்று. கடைசியாக இரண்டு. வாசலில் 6 அடி போர்ட்டிகோவும் படியும் வருகிறது, அதற்கும் பைல் வேண்டுமா? காம்பவுண்ட் சுவர் 3 அடி கல் கட்டு போதுமா?

---

தூக்குக்குண்டு எழுதியது:

போர்ட்டிகோ தூண் ரெண்டுக்கும் பைல் கட்டாயம், ஏன்னா அதோட பீம் வீட்டுத் தளத்தோட ஒட்டிக்கிட்டு வருது. தூண் ஏறினா ரூஃபைப் பிளக்கும். படிக்கு வேண்டாம். படியைச் சுவர்ல இருந்து முக்கால் இஞ்ச் தள்ளித் தனியா கட்டுங்க, அது பாட்டுக்கு ஏறி இறங்கிக்கிடும். ஏறும்போது மேல்படி வாசக்கதவைத் தட்டாம இருக்க, வாசப்படியை விட ஒன்றரை இஞ்ச் தாழ்வா வைங்க.

காம்பவுண்டுக்கு 3 அடி கல் கட்டு போட்டா முதல் மழைக்கே நெளியும். 20 செ.மீ. பைல் 8, 9 அடிக்கு ஒண்ணு, மேலே சின்ன பீம், அதுக்கடியிலயும் அந்த 80 மி.மீ. விட்டு ஹாலோ பிளாக். இல்லேன்னா இப்போதைக்கு கல்தூண் நட்டு முள்கம்பி இழுத்துருங்க, வீடு முடியட்டும். குழி வெட்டினீங்கல்ல, கிழக்கு மேற்கு ரெண்டையும் சரளை போட்டு இடிச்சு மூடிட்டீங்களா? மழைக்கு முன்னாடி மூடிருங்க.

---

கரிசக்காரன் எழுதியது:

மேற்குக் குழி இன்னும் திறந்துதான் கிடக்கிறது. நாளைக்கே மூடிவிடுகிறேன், அண்ணாச்சி.